காவலா, கறியா?

காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து வாய் கிழிந்த அந்தப் பசுவின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி பகிர எனக்கு மனமில்லை. அதைவிட எரிச்சலைக் கிளப்பியது, நம் ஊர்க்காரர்களே கீழே எழுதியிருந்தது: "விவசாயி வேறு என்னதான் செய்வான்?"

கூடலூர்ப் பக்கம் வயலோரத்தில் வளர்ந்தவன் நான். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மண் குழைந்து கிடக்கும். பன்றிக்கு அதுதான் கொண்டாட்டம். ஒரே ராத்திரியில் சேனை, இஞ்சி எல்லாம் போய்விடும். மூக்கால் கிண்டிய குழிகளில் விடியும்போது தண்ணீர் கட்டி நிற்கும். அப்பா வரப்பில் நின்று பார்ப்பார், பேச மாட்டார். அதனால் "உனக்கு வலி தெரியாது" என்று யாரும் வர வேண்டாம்.

ஆனால் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி, காவல் இல்லை, வேட்டை. காவல்காரன் பன்றியை விரட்டுவான். தீனிக்குள் வெடியைப் பொதிந்து வைப்பவன் அதை வா வா என்று கூப்பிடுகிறான். பன்றி சேற்றில் புரள வரும் சதுப்பில் வெடி வைக்கிறீர்களே, அங்கே எந்தப் பயிரைக் காக்கிறீர்கள் ஐயா?

வருகிற வாய் யாருடையது என்று வெடிக்குத் தெரியுமா? 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. அன்னாசிப்பழத்துக்குள் வைத்த வெடியைக் கடித்துவிட்டது என்று நாடே அழுதது. தேங்காய்க்குள் வைத்த பன்றி வெடி என்று விசாரணையில் சொன்னார்கள்.

எங்கள் நாய் மணியும் அப்படித்தான் போனான். தாடை தொங்க வாசலுக்கு வந்தான். சட்டியில் தண்ணீர் வைத்தேன். நக்கப் பார்க்கிறான், நாக்கு இல்லை. வெடி வைத்தவர் யாரென்று ஊருக்கே தெரியும். அப்புறம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர்தான் முதல் பந்தி.

"அரசு என்ன கிழித்தது?" நியாயமான கேள்வி. 2025 ஜனவரி அறிவிப்புப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டினால்தான் வனத்துறை சுடும். காட்டை ஒட்டி இருக்கும் நமக்கு அதில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டு மறியல் செய்யுங்கள், முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

"நீ கறியே தின்ன மாட்டாயோ?" தின்பேன். கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்பேன். விவசாயி பெயரைச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பசுவின் வாயைக் கிழித்துத் தின்பதில்லை. செத்த பன்றியின் கறி அன்று இரவே பங்கு போகிறதே, அதில் பயிர் போனவனுக்கு எத்தனை பங்கு?

நேற்று இதையே சொன்னதற்கு ஊர் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். "டவுன்காரன்" ஆகிவிட்டேனாம். சரி. பசுவின் வைத்தியச் செலவுக்கு யாராவது வசூல் செய்தால் மட்டும் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.