இடுப்புக்குக் கீழே இடுப்பு

(காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவை ஒட்டிய ஒரு சந்து. அதில் ஒரு தையல் கடை. சேது டெய்லருக்கு அறுபது வயது இருக்கும். அவர் தைக்கும் ஜாக்கெட் மேல் ஊருக்கே நம்பிக்கை. அவர் சொல்லும் தேதி மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. உமையாளுக்கு இருபத்தேழு. பெங்களூரில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறாள். நான் பேண்ட் நீளம் குறைக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன். எனக்கு இதில் வசனம் கிடையாது.)

சேது: வாங்க ஆச்சி. ஜாக்கெட்டா, சுடிதாரா?

உமையாள்: ரெண்டும் இல்லை அண்ணே. டான்ஸ் டிரெஸ். ஃப்யூஷன் பெல்லி டான்ஸ். அதுவும் 1920-களின் ஜாஸ் காலத்துப் பாணியில் வேணும்.

சேது: பரதநாட்டியத்துக்கு விசிறி வைத்துத் தைத்திருக்கிறேன். பெல்லி என்றால் என்ன?

உமையாள்: வயிறு.

சேது: சரி. வயிற்றுக்கு எத்தனை மீட்டர் எடுத்திருக்கிறீர்கள்?

உமையாள்: வயிற்றுக்குத் துணியே கிடையாது.

சேது: (பென்சிலைக் காதில் செருகியபடி) துணி இல்லை என்று கூலியைக் குறைக்கச் சொல்லக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

உமையாள்: (போனை நீட்டி) இந்தப் படத்தைப் பாருங்க. அந்தக் காலத்தில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெண்கள் இப்படித்தான் போட்டார்கள்.

சேது: (கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி) இடுப்பு எங்கே?

உமையாள்: கீழே இறங்கியிருக்கிறது. டிராப் வெயிஸ்ட் என்பார்கள்.

சேது: இடுப்புக்குக் கீழே இடுப்பா? தோளில் ஆரம்பித்து நேரே தொங்குகிறது. டாட் இல்லை, பிடிப்பு இல்லை. ஆச்சி, இது தேர்த் தொம்பை! கோவில் தேரைச் சுற்றிக் குழாய் மாதிரித் துணியில் தொங்குமே, அதேதான். என் அப்பா எத்தனை தேருக்குத் தைத்திருக்கிறார் தெரியுமா? இதற்கு எதற்கு அளவு? தேர் அளவு சொன்னால் போதும்.

உமையாள்: என்னைத் தேர் என்கிறீர்களா?

சேது: அப்படிச் சொல்வேனா? தொம்பையைச் சொன்னேன்.

உமையாள்: தொம்பைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்திய தலைமுறைப் பெண்கள் கார்செட் போட்டு இடுப்பை இறுக்கிக்கொண்டார்கள். இவர்கள் அதைக் கழற்றி வீசிவிட்டுத் தளர்வாகப் போட்டார்கள். சார்ல்ஸ்டன் என்று ஒரு ஆட்டம், காலை வீசி வீசி ஆட வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூச்சு வாங்கும்.

சேது: நியாயம். ஆனால் உங்கள் ஆட்டத்தில் வயிறும் இடுப்பும் தெரிய வேணும் என்கிறீர்கள். இந்த டிரெஸ் ரெண்டையும் மூடுகிறது. தேரை ஷெட்டுக்குள் பூட்டிவிட்டுத் தேரோட்டத்துக்கு நோட்டீஸ் அடித்த மாதிரி இருக்கிறதே?

உமையாள்: அந்தச் சிக்கல்தான் அண்ணே. பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். போட்டுக்கொண்டு ஆடினால் தலையணை உறைக்குள் பூனை மாட்டிய மாதிரி இருந்தது.

சேது: ஆட்டம் எந்த ஊர்?

உமையாள்: எகிப்து.

சேது: ஆட்டம் எகிப்து, சட்டை பாரிஸ், தையல் காரைக்குடி. இதற்கெல்லாம் ஒன்றுக்கொன்று என்ன உறவு?

உமையாள்: உறவு உண்டு. 1922-ல் எகிப்தில் துட்டன்காமன் என்ற ராஜாவின் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருஷத்துக்குச் சட்டை, வளையல், நெற்றிப்பட்டை எல்லாவற்றிலும் எகிப்து டிசைன்தான்.

சேது: செத்துப்போன மனுஷன் வீட்டுக் கதவைத் திறந்தால் டிசைன் மாறுமா?

உமையாள்: ஒரு படம் ஓடினால் இங்கே ஜாக்கெட் கை மாறவில்லையா?

சேது: (பெருமூச்சு) மாறும். ஒரு தீபாவளிக்கு நூற்றைம்பது பஃப் கை வைத்தேன். அந்தத் தோள் வலி இன்னும் போகவில்லை. சரி, மேலே சொல்லுங்க.

உமையாள்: அதே 1920-களில் கெய்ரோவில் பாதியா மசாப்னி என்ற அம்மா ஒரு கிளப் ஆரம்பித்தார். இந்த ஆட்டத்தைப் பெரிய மேடைக்கு ஏற்றியதில் அவருக்குப் பங்கு உண்டு. பாரிஸில் ஜோசபின் பேக்கர் என்று இன்னொருவர். அமெரிக்கக் கறுப்பினப் பெண். 1926-ல் வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடி ஊரையே அசத்தினார்.

சேது: வாழைப்பழமா? பூவனா, மலைப்பழமா?

உமையாள்: பொம்மைப் பழம் அண்ணே! நிஜப் பழம் இல்லை.

சேது: நல்லது. நிஜப் பழத்துக்குக் கொக்கி நிற்காது. அப்புறம் அந்த அம்மா?

உமையாள்: இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காக உளவு பார்த்தார்.

சேது: அந்தப் பாவாடையோடா?

(இதற்கு உமையாள் பதில் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்து கட்டிங் மேசையில் கவிழ்த்தாள். கண்ணாடிப் பாசி. கருநீலம், தேன் நிறம், அரிசி மாதிரி நீளமாகக் கொஞ்சம் வெள்ளி நிறம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் மேசையே ஈரமாகிவிட்டது போல இருந்தது. நாலைந்து உருண்டு என் செருப்புக்குள் போயின.)

சேது: பழைய சாமான் கடையா?

உமையாள்: பாதி இந்தத் தெருவில் வாங்கியது. பாதி அப்பத்தா பெட்டியில் இருந்தது.

சேது: இதை யார் கோப்பது? என் கண்ணுக்கு ஊசியில் நூல் கோக்கும் திராணி இல்லை.

உமையாள்: அப்பத்தா கோத்துத் தருகிறார்கள்.

சேது: (குரலைத் தாழ்த்தி) பெரிய ஆச்சிக்கு இது என்ன ஆட்டம் என்று தெரியுமா?

உமையாள்: வீடியோ காட்டினேன். "பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டுகிறது போல, ஓமத் தண்ணி கொடுங்கள்" என்றார்கள். அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். மூன்றாவது தடவை, "அந்தக் கலருக்கு இந்தப் பாசி எடுக்காது" என்று பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

சேது: அப்படியானால் சரி. ஆனால் பத்துப் பாசிக்கு ஒரு முடிச்சு போடச் சொல்லுங்க. நூல் அறுந்தால் பத்தோடு போகும். இல்லையென்றால் நீங்கள் ஆட, பாசி ஓட, பின்னால் வருகிறவர் வழுக்கி விழ, அது வேறு ஆட்டமாகிவிடும். (கையில் அள்ளி நிறுத்துப் பார்க்கிறார்) அரைக் கிலோ இருக்குமே. ஜார்ஜெட்டில் தைத்துக் கொடியில் மாட்டினால் தோள்பட்டையில் கிழியும்.

உமையாள்: அந்தக் காலத்துப் பாசிச் சட்டைகளுக்கு அதுதான் நடந்தது. மியூசியத்தில்கூடப் படுக்க வைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சேது: நமக்கே பாய்தான், சட்டைக்குப் படுக்கை! சரி, கீழ்த்துணி?

உமையாள்: (பையிலிருந்து எடுத்து) அப்பத்தாவின் பழைய கண்டாங்கி.

சேது: (பின்வாங்கி) 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையை வெட்டச் சொல்கிறீர்கள்!

உமையாள்: முந்தானை நைந்துபோனது அண்ணே. உடம்பு மட்டும்தான் நல்லாயிருக்கிறது.

(சேது துணியை விரித்தார். அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய கட்டம். ஒரு மூலையை எடுத்து எதிர் ஓரத்தில் பொருத்தி மடித்து, சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு நேராகப் பார்த்தால் கட்டம் எதுவும் கட்டமாக இல்லை. எல்லாம் டைமண்ட்.)

சேது: கிராஸில் வெட்டினால் இப்படி வரும். துணியும் கொஞ்சம் இழுபடும், உடம்போடு ஒட்டும். ஜாக்கெட்டுக்கு இதே வித்தைதான்.

உமையாள்: அண்ணே, இது ஆர்ட் டெக்கோ! 1925-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியிலிருந்து வந்த பெயர். எல்லாம் கோணம், டைமண்ட், சூரியக் கதிர். நம் பக்கத்தில் பிற்பாடு கட்டிய வீடுகளில்கூட இருக்கிறதே.

சேது: டெக்கோவோ என்னவோ, கிராஸ் துணியை ஒரு ராத்திரி தொங்கப் போட்ட பிறகுதான் ஓரம் மடிக்க வேணும். இல்லையென்றால் ஒரு பக்கம் நாக்குத் தள்ளும்.

உமையாள்: பாசி வைத்தது படுக்க வேணும், பாவாடை தொங்க வேணும்.

சேது: புருஷன் பெண்டாட்டி மாதிரி. அது இருக்கட்டும், உங்கள் ஆட்டத்துக்கு இடுப்பில் பெல்ட் உண்டா? உண்டென்றால் அதை எங்கே கட்டுவீர்கள்?

உமையாள்: தொப்புளுக்கு நாலு விரல் கீழே. இடுப்பு எலும்பின் மேல்.

சேது: (போனைப் பிடுங்கிப் படத்தைப் பார்க்கிறார். அவளைப் பார்க்கிறார். மறுபடி படம்) அந்த வெள்ளைக்காரி இடுப்பும் அங்கேதானே இருக்கிறது?

உமையாள்: (மெதுவாக) ஆமாம்...

சேது: அப்புறம் என்ன சண்டை? ரெண்டு பேருக்கும் இடுப்பு ஒரே இடம். தோளிலிருந்து இந்தப் பட்டை வரை நேரே விடுவோம், தொம்பை மாதிரியே. நெஞ்சுக்குக் கீழே மட்டும் நெட் துணி. நின்றால் நேர்கோடு, ஆடினால் உள்ளே எல்லாம் தெரியும். தொம்பைக்கு ஒரு ஜன்னல். பட்டை கண்டாங்கி, கிராஸில். பட்டைக்குக் கீழே குஞ்சம்.

(நான் கை தட்டியிருப்பேன். வசனம் இல்லாதவன் கை தட்டலாமா என்று தெரியவில்லை.)

உமையாள்: குஞ்சம் ஆறு அங்குலம் வேணும்.

சேது: (டிராயரிலிருந்து ரெண்டு சுருள் எடுத்து) காட்டனா, ரேயானா? காட்டன் பம்மென்று நிற்கும். ரேயான் கனமாக விழும். இருங்க, பார்த்துவிடுவோம்.

(ரேயான் குஞ்சத்தை வேட்டிக்கு மேல் சுற்றி ஊக்கு குத்திக்கொண்டார். முதலில் லேசாக அசைந்தார். பிறகு லேசாக இல்லை. வாசலில் ஜாக்கெட் வாங்க வந்த டீச்சர் அம்மா ஒருவர், ரெண்டு எட்டுப் பின்னால் போய், கடைப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, அப்படியே போய்விட்டார்.)

சேது: (சட்டென்று நின்று, குனிந்து) ஆச்சி! நான் நின்றுவிட்டேன். இது நிற்கவில்லை!

உமையாள்: அதுதான் அண்ணே ஜாஸ். அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும்.

சேது: தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகும் தொம்பை ரெண்டு ஆட்டம் ஆடும். அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார், சாமியைக்கூடப் பார்க்க மாட்டார். (பில் புத்தகத்தை எடுத்து, வாய்விட்டு எழுதுகிறார்) தொம்பை, ஜன்னல் வைத்தது, ஒன்று. குஞ்சப் பட்டை, கிராஸ், ஒன்று. நெற்றிப்பட்டை, சூரியன் போட்டது, ஒன்று. டெலிவரி வெள்ளிக்கிழமை.

உமையாள்: எந்த வெள்ளி என்றும் எழுதுங்க அண்ணே.

சேது: (காது கேட்காதவர் போல, குஞ்சத்தை அவிழ்க்காமலே என் பக்கம் திரும்பி) தம்பி, உங்கள் பேண்ட் ரெண்டு அங்குலம்தானே? கீழே கொஞ்சம் குஞ்சம் வைக்கலாமா?

(வசனம் இல்லை என்று சொல்லியிருந்தேன். ஒன்று வந்துவிட்டது.)

நான்: வேண்டாம் அண்ணே.