பட்டியலுக்குக் கீழே வரும் அந்த ஒரு வரி

இணையதளம் கட்டுபவர்களிடம் எனக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்று உண்டு. பட்டியலுக்கு அடியில் வரும் பக்க எண் வரிசையை, அதாவது பேஜினேஷனை, யாரும் ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்வதில்லை. முகப்புப் பக்கத்துக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் பார்க்கிறார்கள். இது மட்டும் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்படுகிறது. ஆனால் நூலகப் பட்டியல், பழைய இதழ்த் தொகுப்பு, அரசாணைகள், வேலை அறிவிப்புகள் என்று டேட்டாபேஸில் ஆயிரக்கணக்கான பதிவுகளை வைத்திருக்கும் எந்தத் தளத்திலும் வாசகர் உள்ளே நடமாடுவது அந்த ஒரு வரியை நம்பித்தான். அது சரியில்லை என்றால் உள்ளே எவ்வளவு நல்ல சரக்கு இருந்தும் பயனில்லை.

இரண்டு விதமாக இதைக் கெடுக்கிறார்கள். ஒன்று, இருக்கிற எல்லா எண்களையும் வரிசையாகக் கொட்டிவிடுவது. ஒரு நூலகத் தளத்தில் 6,230 நூல்கள், பக்கத்துக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 312 பக்கம் வரும். 1 முதல் 312 வரை அத்தனை லிங்கும் போனில் பட்டியலை விட நீளமாக இறங்கும். தேவையான எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். இன்னொன்று, எண்ணே வேண்டாம் என்று முடிவில்லாமல் ஸ்க்ரோல் செய்ய விடுவது. இதுதான் நவீனம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

முகநூலில் ஸ்க்ரோல் செய்வது சரி, அங்கே வருவதை நாம் பார்த்துக்கொண்டு போகிறோம். தேடி வந்தவருக்கு அது உதவாது. எவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒரு நூலைத் திறந்துவிட்டுத் திரும்பினால் பல தளங்களில் மறுபடி உச்சியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பக்கத்தின் அடியில் உள்ள தொடர்பு முகவரியைத் தொடப்போனால் அதற்குள் அடுத்த இருபது வந்து அதைக் கீழே தள்ளிவிடும். 2006-ல் இந்த ஸ்க்ரோலை வடிவமைத்த ஆசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். கூகுள்கூடத் தன் தேடல் முடிவுகளில் 2021 அக்டோபரில் போனுக்கும் 2022 டிசம்பரில் கணினிக்கும் தொடர் ஸ்க்ரோலைக் கொண்டுவந்தது. கணினியில் 2024 ஜூனில் அதை எடுத்துவிட்டுப் பழையபடி பக்க எண்களையே வைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே எண்களுக்குத் திரும்பியிருக்கும்போது நாமும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, சுருக்கமான வரிசை எப்படி இருக்க வேண்டும்? ஏழு இடம் போதும் என்பது என் உறுதியான கருத்து. வாசகர் 47-வது பக்கத்தில் இருந்தால் இப்படி:

1 … 46 47 48 … 312

முதல் பக்கம், கடைசிப் பக்கம், நிற்கும் பக்கம், அதற்கு இருபுறமும் ஒவ்வொன்று, மறைத்தவற்றுக்குப் பதில் இரண்டு இடத்தில் புள்ளிகள். தொடக்கத்தில், அதாவது 1 முதல் 4 வரை எந்தப் பக்கத்தில் இருந்தாலும்:

1 2 3 4 5 … 312

கடைசி நான்கு பக்கங்களில்:

1 … 308 309 310 311 312

மூன்று நிலையிலும் எண்ணிப் பாருங்கள், ஏழே இடம்தான். இதில்தான் நுட்பம் இருக்கிறது. வரிசையின் அகலம் பக்கத்துக்குப் பக்கம் மாறினால், 'அடுத்தது' பட்டன் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நிற்கும். வேகமாகப் புரட்டுகிறவர் கண்ணை எடுக்காமல் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே போகப் பார்ப்பார். பட்டன் நகர்ந்தால் அவர் விரல் வேறொரு எண்ணில் படும். எட்டாம் பக்கம் போக நினைத்தவர் கடைசிப் பக்கத்தில் போய் நிற்பார். இடங்களின் எண்ணிக்கையை நிலையாக வைத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே அகலம் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே ஒரு பக்கத்தை மறைக்கப் புள்ளிகள் போடக் கூடாது. 1 … 3 4 5 என்று சில தளங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிகள் பிடித்த இடத்தில் 2 என்றே எழுதியிருக்கலாம். மேலே சொன்ன ஏழு இடக் கணக்கில் இது தானாகவே தவிர்க்கப்படுகிறது: 5-ஆம் பக்கத்துக்கு வரும்போது புள்ளிகள் 2, 3 என்று இரண்டை மறைக்கின்றன. மொத்தமே ஏழு பக்கம் அல்லது அதற்குள் என்றால் புள்ளியே வேண்டாம், எல்லாவற்றையும் காட்டிவிடலாம். ஒரே பக்கம்தான் என்றால் வரிசையே தேவையில்லை.

ரெடிமேடாகக் கிடைப்பதை அப்படியே போடுகிறவர்களும் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். பைதான் மொழியில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் 3.2 பதிப்பிலிருந்து சுருக்கிய வரிசைக்கு வசதி இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு அமைப்பு இருபுறமும் மும்மூன்று, ஓரங்களில் இரண்டிரண்டு. நடுப்பக்கத்தில் 13 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸின் paginate_links வசதியில் அதுவே 9. விரலுக்கு ஒவ்வொரு இடமும் 44 பாயிண்ட் (திரை அளவுக்கான அலகு) அகலம் வேண்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. ஏழு இடத்துக்கு 308, 360 அகலமுள்ள சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஒரே வரியில் அடங்கிவிடும். 13-க்கு 572, நிச்சயம் மடங்கி இரண்டாம் வரிக்குப் போகும். 'முந்தையது', 'அடுத்தது' இரண்டையும் எண்களுக்குக் கீழே தனி வரியில் ஆளுக்கொரு ஓரமாகப் பெரிதாக வைத்துவிட்டால் இன்னும் நல்லது. அதிகம் தட்டப்படுவது அவைதான்.

பார்வையற்றவர்கள் ஸ்க்ரீன் ரீடர் வைத்துக் கேட்கும்போது வெறும் '46 லிங்க், 47 லிங்க்' என்று காதில் விழுந்தால் எதற்கு என்று புரியாது. 'பக்கம் 46' என்று படிக்கும்படி ஒரு லேபிளும், நிற்கும் பக்கத்துக்கு 'இதுதான் நடப்பு' என்ற அடையாளமும் ஹெச்டிஎம்எல்லில் சேர்ப்பது இரண்டு வரி வேலை. இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இனி டேட்டாபேஸ் பக்கம் வருவோம். 47-ஆம் பக்கம் வேண்டும் என்றால் 46-ஐ 20-ஆல் பெருக்கி, 920 பதிவுகளைத் தாண்டி அடுத்த 20-ஐ எடு என்று குவெரி, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை, கேட்கிறது. எத்தனை எடு என்பதற்கு லிமிட், எத்தனையைத் தாண்டு என்பதற்கு ஆஃப்செட் என்று எல்லோரும் எழுதுவதுதான். இதில் பலர் கவனிக்காதது வரிசைப்படுத்தும் இடம். தேதிப்படி மட்டும் அடுக்கச் சொன்னால், ஒரே தேதியில் சேர்த்த முப்பது நூல்களுக்குள் எது முன்னால் என்று டேட்டாபேஸுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு குவெரிக்கும் அது மாறலாம். விளைவு, 46-ஆம் பக்கத்தில் பார்த்த நூல் 47-லும் தலைகாட்டும், வேறொரு நூல் எந்தப் பக்கத்திலும் வராமலே போய்விடும். வாசகர் தளம் முழுக்கப் புரட்டிவிட்டு 'அந்த நூல் இங்கே இல்லை' என்று போய்விடுவார். தேதிக்கு அடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி எண்ணான ஐடியையும் சேர்த்து அடுக்கச் சொன்னால் தீர்ந்தது. ஒரு சொல் கூடுதலாக எழுதும் வேலைக்காக ஒரு நூல் காணாமல் போகலாமா?

ஆஃப்செட்டுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு லட்சத்தைத் தாண்டு என்றால் டேட்டாபேஸ் அந்த ஒரு லட்சத்தையும் படித்துத் தள்ளிவிட்டுத்தான் இருபதைக் கொடுக்கும். ஆறாயிரம் நூலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பல லட்சம் பதிவுகள் என்றால், அதுவும் தேடுபொறிகளின் பாட்கள் (தானாக உலவும் நிரல்கள்) கடைசிப் பக்கம் வரை ஓயாமல் போய் வரும்போது, செர்வர் திணறும். மொத்த எண்ணிக்கையும் சும்மா கிடைப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையிலும் எண்ணி வைத்த தொகை என்று ஒன்று இல்லை, கேட்கும்போதெல்லாம் எண்ணியாக வேண்டும். இருபதுக்குப் பதில் 21 கேட்டு, 21-ஆவது வந்தால் 'அடுத்தது' பட்டனைக் காட்டுவது ஒரு நல்ல வழி. எண்ணவே தேவையில்லை.

பெரிய பட்டியல்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது: கடைசியாகக் காட்டிய பதிவின் தேதியையும் ஐடியையும் நினைவில் வைத்து, அதற்கு அப்புறம் வரும் இருபதைக் கேட்பது. இன்டெக்ஸ் (டேட்டாபேஸ் விரைவாகத் தேட வைத்துக்கொள்ளும் அட்டவணை) இருந்தால் எவ்வளவு ஆழம் போனாலும் வேகம் குறையாது. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பழைய திருத்தங்களுக்குப் போய், முகவரியைப் பாருங்கள். ஆஃப்செட் என்ற பெயரில் 14 இலக்கத்தில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி வரிசையாக நிற்கும். எத்தனை பதிவைத் தாண்டு என்ற கணக்கு அங்கே இல்லை, எந்த நேரத்துக்கு முந்தையவை என்றுதான் கேட்கிறார்கள். அதனால் அந்த முகவரியை நீங்கள் யாருக்கு அனுப்பினாலும், நடுவில் நூறு திருத்தம் புதிதாக வந்திருந்தாலும், அவர் அதே இடத்தில் போய் நிற்பார்.

எண் வரிசையில் இந்த உறுதி இல்லை. புதியது மேலே என்று அடுக்கிய தளத்தில் இன்றைய 47-ஆம் பக்கம் அடுத்த மாதம் 49-ஆகிவிடும். ஆய்வு மாணவர் ஒருவர் குறித்து வைத்த லிங்க் வேறு எதையோ காட்டும். தொடர்ந்து வளரும் தொகுப்பை ஆண்டுவாரியாகப் பிரித்து அதற்குள் பக்க எண் போட வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். 1962-ன் மூன்றாம் பக்கம், அந்த ஆண்டுக்கு யாரும் புதிதாக ஏதும் சேர்க்காதவரை, 1962-ன் மூன்றாம் பக்கமாகவே இருக்கும். பழைய இதழ் தேடி வருகிறவருக்கும் 47-ஐ விட 1962 கூடுதலாகச் சொல்லும்.

முகவரி விஷயத்தில் இன்னும் சில உண்டு. பக்க எண் முகவரியில் இருந்தே ஆக வேண்டும். தேடிய சொல்லும் ஆசிரியர் வடிகட்டியும் ஒவ்வொரு பக்க லிங்கிலும் கூடவே வர வேண்டும். 'நாட்டார் கதைகள்' என்று தேடி, இரண்டாம் பக்கம் போனதும் தேடலே அழிந்து மொத்தப் பட்டியலும் வந்து நிற்கும் தளங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தமிழில் தேடும்போது ஒரு யூனிகோடு குறிக்கு மூன்று பைட், முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி உள்ள 'தமிழ்' என்ற சொல்லே 45 எழுத்து பிடிக்கும். முகவரியை நூறு எழுத்தில் வெட்டி வைக்கும் புரோகிராம்களில் ஆங்கிலத் தேடல் பிழைத்துக்கொள்ளும், தமிழ்த் தேடல் பாதியில் அறுந்துபோகும். எழுதியவர் தமிழில் ஒரு தடவையாவது சோதித்திருந்தால் இது நடக்காது.

அகரவரிசைக்கும் இதே கதைதான். நூல்களை எழுத்துவாரியாகப் பிரித்து அ, ஆ, இ என்று லிங்க் வைப்பது நல்ல யோசனை, பலருக்குப் பக்க எண்ணை விட அதுதான் உதவும். ஆனால் யூனிகோடு எண்ணின்படி அப்படியே அடுக்கினால் ர-வுக்குப் பக்கத்தில் ற வரும், ந-வை ஒட்டியே ன வரும், ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்காரும். புள்ளி வைத்த 'க்' முதலில் வருவதற்குப் பதில் 'கௌ'-வுக்கும் பின்னால் போகும். பள்ளியில் படித்த வரிசையில் தேடுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? டேட்டாபேஸில் தமிழுக்கான கொலேஷனை, அதாவது எழுத்துகளை அடுக்கும் விதியை, குறிப்பிட்டால் வரிசை சரியாகும், போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற யூனிகோடு மென்பொருள் தொகுப்பு வழியாக அது கிடைக்கிறது. இந்த வசதி இல்லாத ஹோஸ்டிங் என்றால், தலைப்புக்குப் பக்கத்தில் வரிசைக்கென்று தனி நெடுவரிசை ஒன்று வைத்து, நூலைச் சேர்க்கும்போதே அதற்கான குறியீட்டை எழுதிவிடலாம். அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் போட்டுவிட்டால், எழுத்தைத் தட்டியதும் வர வேண்டிய இருபது நூலும் சரியான வரிசையில் வந்துவிடும்.