அந்த 25 சொல்

மூன்று நாளாக எல்லோரும் பகிரும் அந்தச் செஞ்சிலுவைக் கடிதத்தைப் பற்றித்தான். ஹிட்லரின் நாஜி ஆட்சியில் பெர்லினில் இருந்த யூதத் தாய், இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்ட மகனுக்கு 1942-ல் எழுதியது. "பெத்த பிள்ளைக்கு ரெண்டு வரிதானா?" என்று கேட்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அது கடிதமே இல்லை, படிவம். 25 சொல்லுக்கு மேல் கூடாது, குடும்பச் செய்தி மட்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 1939 செப்டம்பரில் போர் வந்ததும் இரு நாட்டுக்கும் நேரடித் தபால் நின்றுபோனது. அதன்பின் லண்டன், ஜெனீவா, பெர்லின் என்று செஞ்சிலுவைச் சங்கம் கைமாற்றிய படிவம்தான். பதிலை அதே தாளின் பின்பக்கத்தில் எழுத வேண்டும், அதற்கும் 25 சொல். வந்த வழியே அது திரும்பிச் சேர மாதக்கணக்காகும்.

"25 கூட எழுதலையே, எண்ணிப் பார்த்தேன்" என்கிறார் ஒருவர். ஐயா, நீங்கள் எண்ணியது தமிழை. 'வீர் ஸிண்ட் கெஸுண்ட்' ஜெர்மனில் மூன்று சொல். தமிழில் 'நலமாயிருக்கிறோம்', ஒரே சொல். அந்த அம்மா எண்ணி எண்ணி எழுதியதை மொழிபெயர்ப்பு பாதியாக்கிவிட்டது. பழி அவள்மேல்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், யாரிடம்? படிவத்தை இரண்டு நாட்டுத் தணிக்கையும் படிக்கும். அனுப்புநர் பெயரைப் பாருங்கள், நடுவில் 'சாரா' இருக்கும். அவள் பெற்றோர் வைத்ததல்ல. யூதப் பெண்கள் 1939 ஜனவரி முதல் சேர்த்தே ஆக வேண்டும் என்பது நாஜிச் சட்டம், ஆண்களுக்கு 'இஸ்ரயேல்'. அந்தப் பெயரோடு எதை எழுத முடியும்? 'பயணம் போகிறோம்' என்று எழுதுவார்கள். 1941 அக்டோபரில் பெர்லினிலிருந்து யூதர்களை நாடுகடத்தும் ரயில்கள் புறப்பட ஆரம்பித்துவிட்டன. அந்தப் பயணம்தான் அது. போகுமிடம் அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும் என்பீர்கள். பலருக்குத் தெரியாதுதான். அதனால் அவள் கல்நெஞ்சுக்காரி ஆகிவிடுவாளா?

'நல்லாத்தானே இருந்திருக்காங்க' என்று எழுதியவருக்கு மட்டும் இது. யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஷ்டாட்டிலிருந்து 1943 செப்டம்பரில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமின் பகுதியான பிர்கெனாவுக்குக் கொண்டுபோனவர்களை, நலமாக இருப்பதாக அஞ்சலட்டை எழுதவைத்தார்கள். தேதி மார்ச் 25-ஐ ஒட்டிப் போடச் சொன்னார்கள். 1944 மார்ச் 8 இரவே அவர்களை விஷவாயு அறைக்கு அனுப்பியாகிவிட்டது. அட்டை வீடு தேடி வரும்போது எழுதிய கை இல்லை. நலம் என்ற சொல்லை வைத்து நலத்தை அளக்காதீர்கள்.

1938 டிசம்பரிலிருந்து போர் தொடங்கும்வரை அந்த மகனைப்போல சுமார் பத்தாயிரம் பிள்ளைகள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள், பெற்றோரை விட்டு ரயிலேறி இங்கிலாந்து போனார்கள். சின்னஞ்சிறுசுகள் பலர் ஜெர்மனையே மறந்து, அம்மா எழுதியதை யாராவது படித்துச் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தார்கள். நாடுகடத்தப்பட்டவர்களுக்குப் போன தபால்கள் 'புறப்பட்டுவிட்டார், முகவரி தரவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அந்தக் குறிப்பை ஒரு பிள்ளைக்கு யார் படித்துச் சொல்வது?