அலாரம் ஒரே இரவில் பேட்டரியை இறக்கிவிடுமா?

பழைய மாருதி 800-இல் வெளியே வாங்கிய அலாரம் மாட்டினால் ஒரே இரவில் பேட்டரி இறங்கிவிடும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள்.

அண்ணே, சரியாகப் பொருத்திய அலாரம் அப்படிச் செய்யாது. சும்மா காவலில் இருக்கும்போது அது இழுப்பது பொதுவாக 10 முதல் 30 மில்லிஆம்பியர்தான். 20 என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிகூட வராது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பாதி இறங்கவே ஒரு மாதம் தாண்டும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே அளக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணையுங்கள். கதவுகளை மூடி ரிமோட்டில் அலாரத்தைப் போட்டு, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் அலாரத்தின் ஃபியூஸை உருவுங்கள், எவ்வளவு குறைகிறதோ அதுதான் அலாரம் இழுக்கும் அளவு. நடுவில் சாவியை மட்டும் போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூத்து, காலையில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் வண்டிகள் நிறைய. அளப்பதற்கு முன் அதையும் ஒருமுறை சுரண்டித் துடைத்துவிடுங்கள்.