‘சமவாய்ப்பு’ என்ற சொல்லில் நாம் விட்டுவிடும் பாதி

“எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம். இதைவிடச் சமவாய்ப்பு வேறென்ன வேண்டும்?” நேற்று ஆசிரியர் ஓய்வறையில் நண்பர் ஒருவர் கேட்டார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சு அது. மணி அடித்துவிட்டதால் பதில் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டேன். இரவு முழுவதும் அது உறுத்தியது.

வாய்ப்பு என்பது ‘வாய்த்தல்’ என்பதிலிருந்து வந்த சொல். நல்ல மருமகள் வாய்த்தாள், நல்ல ஆசிரியர் வாய்த்தார் என்கிறோம். பாடுபட்டுச் சம்பாதித்ததை யாரும் அப்படிச் சொல்வதில்லை; தானாக வந்து அமைந்ததைத்தான் சொல்வோம். படித்த பெற்றோர் வாய்ப்பதும், படிக்கத் தனியாக ஓர் அறை வாய்ப்பதும் அப்படித்தான். இப்படி வந்து அமைவதில் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதுதானே சமவாய்ப்பு? நாமோ ‘சம’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வினாத்தாளோடு நின்றுவிடுகிறோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலையில் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி எழுத்தர்கள் பதவி உயர்வுக்கான துறைத்தேர்வில் தேறக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சலுகை 16ஆம் பிரிவு சொல்லும் சமவாய்ப்புக்குள்ளேயே அடங்கும் என்று 1975இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. தேர்வு மாறவில்லை, கேள்வி எளிதாகவில்லை. தேறுவதற்கான காலம் மட்டும் நீண்டது. உள்ஒதுக்கீட்டிலும் நீட் தேர்வில் தகுதி பெற்று, மதிப்பெண் வரிசைப்படிதான் இடம் கிடைக்கிறது. இதை என் நண்பர் மறந்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நீட் விண்ணப்பத்தின் கடைசி நாளில் என் மாணவி ஒருத்தியோடு கணினி மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓடிபி அவளுடைய தந்தையின் கைபேசிக்குத்தான் போகும். வீட்டில் வேறு கைபேசி கிடையாது. அவர் லாரியோடு நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை. மாலை ஆறு மணியிலிருந்து அந்தப் பெண் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவு பத்தரைக்கு அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழைத்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்குள் அவை காலாவதியாகிவிட்டன. மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி படித்தார். பிறகு அவளும் எழுதினாள், அதே வினாத்தாளை.

இன்று காலை பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு குறிப்பேட்டைச் சுற்றுக்கு விட்டேன். யாருடைய ஓடிபி யார் கைபேசிக்கு வரும், அவர் எந்த ஊரில் வேலை செய்கிறார் என்று எழுதித் தரச் சொன்னேன். பதினொரு பேர் திருப்பூர் என்று எழுதியிருக்கிறார்கள்.