ரப்பர் ஊரில் இருந்துகொண்டு பாலி புஷ் போடலாமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிற தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். காரை ஜாக்கில் ஏற்றுவதற்கு முன்பே சஸ்பென்ஷன் மூட்டுகளில், அதாவது சக்கரத்தைக் காரோடு இணைக்கிற மூட்டுகளில் போடும் அந்தக் கலர் கலரான பாலியூரித்தேன் (சுருக்கமாகப் பாலி, ஒரு செயற்கைப் பொருள்) புஷ் செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். முழு செட்டாக வாங்கினால் லாபம், எண்ணெய் பட்டாலும் கெடாது, ஆயுசுக்கும் வரும் என்று விற்பவர் சொல்வார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் ரோட்டில் ஓட்டப்போகிற காருக்கு, அதுவும் நம் ஊர் ரோட்டில் ஓட்டப்போகிற காருக்கு, பெரும்பாலான இடங்களில் நல்ல ரப்பர் புஷ்தான் சரி என்பது என் கட்சி.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்துக்குப் பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். எங்கள் பாட்டியும் அம்மாவும் விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள். அதனால் ரப்பருக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். இப்போது எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனைதான் நிற்கிறது, பாசம் காட்டப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இது வெறும் மெக்கானிக் கணக்கு.

அக்கா மகன் ஒரு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை (கூரை திறக்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கி வந்து எங்கள் வீட்டுப் போர்ச்சில் பிரித்துப் போட்டிருக்கிறான். 1962லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார், எனவே பாகம் கிடைக்காத கவலை இல்லை. ஒவ்வொரு பாகமும் நாலு தரத்தில் கிடைப்பதுதான் தலைவலி. "மாமா, பாலி போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்" என்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புஷ் என்றால் ஏதோ ஓட்டையை அடைக்கிற ரப்பர்த் துண்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல ரப்பர் புஷ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்து வல்கனைஸ் செய்த (சூடேற்றிப் பதப்படுத்திய) ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் உரசிச் சுழல்வதில்லை, ரப்பரே முறுகி, திரும்பவும் பழைய நிலைக்கு வருகிறது. உரசல் கிடையாது, ஆகவே கிரீஸ் வேண்டாம், சத்தமும் வராது. பாலி வேறு ஜாதி. அது குழலின்மேல் வழுக்கிச் சுழல வேண்டிய பொருள். கிரீஸ் இருக்கும்வரை ஜோராக வேலை செய்யும். நம் மழையில் கிரீஸ் கழுவிப் போனதும் பழைய இரும்புக் கட்டில் மாதிரி கத்த ஆரம்பிக்கும்.

கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அது வளைந்து கொடுக்காமல் நிற்பது. கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். சஸ்பென்ஷன் ரப்பர் பொதுவாக 50க்கும் 70க்கும் நடுவில் இருக்கும். ரோட்டுக்கென்று விற்கும் பாலி 80 பக்கம், பந்தயத்துக்கென்று விற்பது 95 வரை போகும். ஒரே அச்சில், கதவுக் கீல் போலச் சுழல்கிற இடத்தில் இந்தக் கெட்டித்தன்மை நல்லதுதான். ஆனால் கார்களில் பாதி மூட்டுகள் அப்படி ஒரே அச்சில் சுழல்வதில்லை.

எம்.ஜி.பி.யின் பின்பக்கத்தைப் பாருங்கள். பின் சக்கரங்களின் அச்சை (ஆக்சில்) பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டை ஸ்பிரிங்குகள் (லீஃப் ஸ்பிரிங்) தான், தனி ஆர்ம் எதுவும் இல்லை. லிந்தாங் பக்கம் தோட்டத்துச் சாலையில், செம்பனை லாரி போட்ட பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால் அச்சு சாய்கிறது, பட்டை முறுகுகிறது, அதன் நுனி வளையத்தில் இருக்கும் புஷ் ஒரே நேரத்தில் சுழலவும் வேண்டும், பக்கவாட்டில் சாயவும் வேண்டும். ரப்பர் அதைத் தாங்கும். கெட்டிப் பாலி போட்டால் அந்த முறுக்கு எங்கே போகும்? பட்டைக்கும், பட்டையைத் தாங்கும் பாடிக்கும் போகும். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். அம்பது வருஷம் பழசான தகரம், உள்ளே எவ்வளவு துரு என்று வெல்டிங் ஆளுக்குத்தான் தெரியும்.

டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்களுக்கு இது பழைய கதை. அதன் முன் ஆர்மைப் பிடிக்கிற டி.சி. கம்பிக்கு இரண்டு பக்கமும் கெட்டிப் பாலி போட்டால் மூட்டில் அசைய வேண்டியது கம்பியில் வளைகிறது. வளைந்து வளைந்து கடைசியில் கம்பியே முறிகிறது. பிரேக் பிடிக்கும் நேரத்தில் முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ரப்பர் நெகிழ்வதைக் குறையாகப் பார்க்கிறவர்கள் 1977இல் வந்த போர்ஷே 928இன் பின் சஸ்பென்ஷனைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். வைஸாக் அச்சு என்று பெயர். பல கார்களில், வளைவில் ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ பின் சக்கரம் வெளியே திரும்பப் பார்க்கும், கார் சுழலும். அங்கே நெகிழும் ஓர் இணைப்பை வைத்து, அதே விசை சக்கரத்தை உள்ளே திருப்பும்படி அமைத்தார்கள். நெகிழ்வையே கணக்கில் எடுத்துக் கட்டிய கார் அது. அதில் போய் எல்லா இடத்திலும் கெட்டிப் புஷ் போட்டு 'அப்கிரேட்' செய்தால் அந்த எஞ்சினியர்களின் வேலையை நாம் கழற்றி எறிந்ததாக அர்த்தம்.

சரி, பாலிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் பாலிக்குப் போனதற்கு முக்கியமான காரணம் இன்று விற்கும் மட்ட ரப்பர். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே பெருவிரலால் வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். குழலின் ஓரத்தில் ரப்பர் ஒட்டாமல் எழும்பி நிற்கும். இப்படிப்பட்டதைப் போட்டால் கொஞ்ச நாளிலேயே தூளாகத்தான் செய்யும். அதற்கு ரப்பரைக் குறை சொல்லி என்ன பயன்? இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலத்தை 1957இல் கட்டியபோது அதை இயற்கை ரப்பர் தாங்கிகள்மேல்தான் உட்கார வைத்தார்கள். பாலத்தையே சுமக்கிற பொருள், 900 சொச்சம் கிலோ காரைச் சுமக்காதா? சரியான கலவை, சரியான ஒட்டு, அவ்வளவுதான் விஷயம்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் ரப்பர் தோற்கும், ஒப்புக்கொள்கிறேன். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். பழைய பிரிட்டிஷ் எஞ்சின் எண்ணெய் ஒழுகாமல் இருந்தால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒழுகலை முதலில் நிறுத்துங்கள், புஷ்ஷை அப்புறம் பார்க்கலாம். புஷ் ஏற்றும்போதும் சாதாரண கிரீஸைத் தொடாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும், இல்லையென்றால் ரப்பருக்கென்று விற்கும் கிரீஸ்.

பாலியும் எல்லாம் ஒன்றல்ல. பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு உண்டு. முதல் வகையை வெப்பமும் ஈரமும் சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைக்கும். வெப்பமும் ஈரமும் இல்லாத நாள் ஒன்று பேராக்கில் இருந்தால் சொல்லுங்கள். பெட்டியில் எந்த வகை என்று போடாத செட்டை 'ஆயுசுக்கும் வரும்' என்று நம்பி வாங்குவது எனக்குப் புரியாத தைரியம்.

எம்.ஜி.பி.யின் முன்பக்கக் கீழ் ஆர்முக்கு நல்ல நடுவழி ஒன்று இருக்கிறது. சாதாரண எம்.ஜி.பி.யில் அங்கே இரண்டு பக்கமிருந்தும் செருகுகிற அரைத் துண்டு ரப்பர்கள். அவை சீக்கிரம் நசுங்கும். 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8க்கு (எட்டு சிலிண்டர் எம்.ஜி.பி.), நடுவில் உலோகக் குழல் வைத்த ஒற்றைத் துண்டு ரப்பர் புஷ் போட்டார்கள். அந்த வி8 கார் மொத்தமே 2,591தான் தயாரானது, ஆனால் அதன் புஷ் இன்றும் கிடைக்கிறது, நாலு சிலிண்டர் காரின் ஆர்மிலும் அப்படியே உட்காரும். ஸ்டியரிங் துல்லியம் கூடும், முதுகெலும்பும் தப்பிக்கும். உள்ளே ஏற்றுவதுதான் பெரும்பாடு, பொறுமை வேண்டும்.

எந்த ரப்பர் போட்டாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கார் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது நட்டைக் கடைசியாக இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும், சீக்கிரமே கிழியும். அப்புறம் 'ரப்பர் தரம் சரியில்லை' என்று புலம்புவார்கள். கையால் முடுக்கிவிட்டு, சக்கரம் தரையில் பதிந்து காரின் பாரம் இறங்கிய பிறகு முழுசாக இறுக்குங்கள். வொர்க்ஷாப்பில் கொடுத்துச் செய்தால் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள், ஆள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஓர் உடன்பாடு. முன் ஆர்முக்கு வி8 புஷ், பின் பட்டைகளுக்கு ரப்பர், கிராஸ்மெம்பர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பேடும் ரப்பர். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டிரோல் பாரைப் பிடிக்கிற புஷ்ஷுக்கு மட்டும் பாலி, அங்கே பார் சும்மா சுழல்கிறது, கெடுதல் இல்லை. கலர் அவன் இஷ்டம், ஊதா கேட்கிறான்.

ஈப்போ பக்கம் பழைய ஆர்மிலிருந்து புஷ்ஷை நெருப்பு வைக்காமல் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துத் தரும் லேத் கடை யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். ரப்பரைக் கொளுத்தி எடுக்கிற கடை வேண்டாம், போன வாரம் அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார்.