குளோன் தோட்டத்துச் சொல்

குளோன் என்றதும் பலருக்கு ஆய்வுக்கூடமும், ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கும் மனிதர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். ஏனென்றால் அது தோட்டத்தில் பிறந்த சொல்.

கிரேக்க மொழியில் குளோன் என்றால் சிறு கிளை. 1903இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த ஹெர்பர்ட் வெப்பர், விதையில்லாமல் கிளை, கிழங்கு, ஒட்டு மூலம் ஒரே செடியிலிருந்து பெருக்கிய செடிக் கூட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். முருங்கைப் போத்தை ஒடித்து நடுகிறோம், கரும்புக்குக் கரணை போடுகிறோம், வாழைக் கன்றைப் பெயர்த்து வைக்கிறோம். எல்லாம் அதுதான்.

பிரிட்டனில் பிறந்த உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், மனித இனத்தின் எதிர்காலம் பற்றி 1963இல் வெளியான ஓர் உரையில் மனிதர்களுக்கும் இதே சொல்லை எடுத்தாண்டார். (அவர் அப்போது புவனேஸ்வரத்தில், இந்தியக் குடிமகனாக வாழ்ந்துகொண்டிருந்தார்.) எண்பதுகளில் ஐபிஎம் கணினியைப் பார்த்துச் செய்த மலிவுக் கணினிகளுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1996இல் ஸ்காட்லாந்தில், வளர்ந்த ஆட்டின் செல்லிலிருந்து குளோன் செய்த டாலி என்ற செம்மறி ஆடு பிறந்தது. 277 முறை செல்லை இணைத்துப் பார்த்ததில் பிறந்த ஒரே குட்டி. அடுத்த ஆண்டு செய்தி வெளியானதும் உலகமே மனிதக் குளோன் பற்றிப் பதறியது.

பயப்பட வேண்டிய விஷயம் வயலில் இருக்கிறது. ஒரு குளோனில் எல்லாச் செடிக்கும் மரபணு ஒன்றே. ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கும். மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியான குரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் 1950களில் வியாபாரத்திலிருந்தே துரத்தியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் இப்போது அதே நோயின் புதிய வகை தாக்குகிறது. நம் பழனி மலை விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் எப்படிச் சீரழித்தது என்று அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். அது வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி பரப்பும்; நோயுள்ள மரத்தின் கன்றை எடுத்து நட்டால் நாமே பரப்புவோம்.

குளோன் முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் வாழை விவசாயமே கிடையாது. எங்கே பார்த்தாலும் ஒரே ரகம் என்று ஆவதைத்தான் எதிர்க்கிறேன். பூவன், மொந்தன், ரஸ்தாளி, நேந்திரன், மட்டி என்று எல்லாம் நிலத்தில் இருக்க வேண்டும், நாமும் கேட்டு வாங்க வேண்டும். குளோனிங் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, டாலி படத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு வாழைக் கன்றைக் காட்டுங்கள். அப்படியே விருப்பாச்சிக்கு நேர்ந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.